மட்டக்களப்பு வாவியின் இரண்டாம் கூடை

மட்டக்களப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பேச்சு எப்படியும் பாடும் மீனில் வந்து நிற்கும். நிலாக்கால இரவில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி, மறுமுனையைச் செவியோடு சேர்த்து வைத்தால், நீரடியிலிருந்து நரம்பை மெல்லத் தடவினாற்போன்ற ஓர் ஒலி எழும் என்பர். 1848ஆம் ஆண்டில் இங்கு வந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ற் என்னும் பிரித்தானிய அதிகாரி அதனைத் தாமே கேட்டு, பின்னர் நூலிலும் எழுதி வைத்தார். கிழக்கிலங்கை தந்த பேரறிஞர் சுவாமி விபுலானந்தர் அவ்வொலியைத் தம் கவிதைக்குப் பொருளாக்கினார். நாமும் அதனைக் கேட்கும் ஆசையோடுதான் சென்றோம். ஆனால் அன்றிரவு வானம் மூடிக்கிடந்தது. வாடைக்காற்று நீரை அலைத்துக்கொண்டிருந்தது. துடுப்பில் காதை வைத்து ஒரு மணி நேரம் காத்திருந்தும் தோணியின் கிறீச்சொலியன்றி வேறொன்றும் கேட்டிலோம். ஆயினும் வெறுங்கையோடு திரும்பினோமல்லோம். மறுநாட் காலையில் அதே வாவிக்கரையில் ஒரு கூடை நண்டு எமக்குச் சொன்ன செய்தியை வாசக நேயர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் வாவியைப் பற்றிச் சில வார்த்தைகள். வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம்வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கடலோரமாகவே இது நீண்டு கிடக்கின்றது. நகருக்கு அண்மையில் பாலமீன்மடு முகத்துவாரத்திலும், தெற்கே கல்லாற்றிலும் கடலோடு கலக்கின்றது. மாரிகாலத்து வெள்ளம் வந்தால் மணற்றிட்டு உடைந்து கடல்வாய் திறக்கும். கோடையில் மணல் வந்து அதனை அடைக்கும். ஆகவே ஒரு பருவத்தில் நன்னீர்ச் சுவையும் மறு பருவத்தில் உவர்ச் சுவையுமாக இதன் நீர் மாறிக்கொண்டே இருக்கும். கதிரவன் எழும் பக்கத்துக் கரையை எழுவான்கரை என்றும், அவன் படும் பக்கத்துக் கரையைப் படுவான்கரை என்றும் இவ்வூரார் அழைப்பர். இத்துணை அழகாகத் திசையைப் பெயராக்கிய ஊர்கள் அரியன.

வாவியின் நடுவே புளியந்தீவு. அங்கே போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் 1638ஆம் ஆண்டில் கைப்பற்றிய கோட்டை இன்றும் நிற்கின்றது. கல்லடியில் 1924ஆம் ஆண்டின் இரும்புப் பாலமும், அதற்கு அருகே 2013ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட புதிய பாலமும் இரண்டு தலைமுறைகள் தோளோடு தோள் நிற்பதுபோல் காட்சி தருகின்றன. இன்னும் தெற்கே, மண்முனையில் முன்னர் ஓடத்துறை இருந்தது. 2014ஆம் ஆண்டில் அங்கும் ஒரு பாலம் வந்துவிட்டது. அதனைக் கடந்து கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரரை வணங்கச் செல்லும் வழியில்தான், கண்டல் மரங்கள் நிழல்செய்த ஒரு சிறு துறையில், எம்மை அழைத்துச் சென்ற நண்பர் வண்டியை நிறுத்தினார்.

துறையில் நான்கைந்து தோணிகள் கரையேறியிருந்தன. இரவெல்லாம் நீரில் கிடந்த நண்டுக்கூடுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறு லொறி. அதன் பக்கத்தில் ஒரு தராசு. தராசின் பக்கத்தில் கொள்முதல் செய்யும் இளைஞர் ஒருவர். அவர் கையில் ஒரு நண்டு வரும், புரட்டிப் பார்ப்பார், அடிப்பக்கத்தைப் பெருவிரலால் அழுத்துவார், உடனே வலப்பக்கத்துக் கூடைக்கோ இடப்பக்கத்துக் கூடைக்கோ அது போய்விடும். நாலைந்து நொடிக்குள் தீர்ப்பு முடிந்துவிடும். வலப்பக்கத்துக் கூடை நண்டுகள் பெரியவை, கரும்பச்சை நிறத்தன. அவற்றின் கொடுக்குகளை ஈரக்கயிற்றால் கட்டி வரிசையாக அடுக்கினார்கள். அவை அன்று மாலையே கொழும்பு சென்று, அங்கிருந்து விமானமேறிச் சிங்கப்பூர் செல்பவை என்றார் நண்பர். நனைத்த சாக்கின் கீழ்க் குளிர்ச்சியாக வைத்தால் இவ்வகை நண்டு நீரின்றியே சில நாள் உயிரோடிருக்கும். அதனாலன்றோ கடல்கடந்த வாணிகம் அதற்கு வாய்த்தது!

இடப்பக்கத்துக் கூடையைப் பார்த்தோம். அதிலும் நண்டுகள்தாம், சில வலப்பக்கத்தவற்றினும் பெரியவை. ஆனால் இரண்டாம் கூடையின் விலை முதற்கூடையின் விலையில் பாதிக்கும் குறைவாம். கூடையின் சொந்தக்காரர் அறுபதைத் தாண்டிய ஒரு தோணிக்காரர். "இவை என்ன குற்றம் செய்தன?" என்று அவரிடம் கேட்டோம். அவர் ஒரு நண்டை எடுத்துக் காட்டினார்; அதற்கு ஒரு கொடுக்குத்தான் இருந்தது.

"குற்றம் ஒண்டுமில்ல சேர். ஒத்தக் கொடுக்கு, அவ்வளவுதான். அங்க மேசையில வைக்கக்குள்ள ரெண்டும் இருக்கணுமாம். ருசி ரெண்டிலயும் ஒண்டுதான். வாவி ஒண்டுதானே!"

"வாவி ஒன்றுதானே" என்னும் அச்சொல் எம்மை நெடுநேரம் விடவில்லை.

இந்த நண்டைச் சேற்று நண்டு என்பர். விலங்கியலார் இட்ட பெயர் ஸ்கைலா செராட்டா. கண்டல் வேர்களுக்கிடையே சேற்றில் வளை அமைத்து வாழும். முட்டையிடும் பருவத்தில் பெண்நண்டு முகத்துவாரம் கடந்து கடலுக்குச் செல்லும். பிறந்த குஞ்சுகள் வளர்ந்து மீண்டும் வாவியைத் தேடி வரும். ஓடு வளராது, ஆகவே வளரவேண்டுமாயின் பழைய ஓட்டைக் கழற்றிவிட்டுப் புதியதை அணியவேண்டும். ஓடு கழற்றிய நண்டு நீரை உறிஞ்சி உடலைப் பெருக்கிக்கொள்ளும். அப்போது பார்வைக்குப் பெரிது. உள்ளே சதை நிரம்பியிராது. அது நிரம்பச் சில கிழமைகள் செல்லும். அதனையே மீனவர் நீர் நண்டு என்கின்றனர். அந்த இளைஞரின் பெருவிரல் தேடியது இந்த வேறுபாட்டைத்தான்: அழுத்தினால் அமிழ்வது நீர் நண்டு, அமிழாதது நிரம்பிய நண்டு.

கொடுக்கு இழந்ததன் கதை வேறு. பகைவன் பிடியில் அகப்பட்டால் நண்டு தன் கொடுக்கைத் தானே கழற்றிவிட்டு ஓடித் தப்பும். அடுத்தடுத்து ஓடு கழற்றும் காலங்களில் புதிய கொடுக்கு முளைத்து வளரும். ஆகவே ஒற்றைக் கொடுக்கு என்பது நோயின் அடையாளமன்று. பிழைத்து வந்த ஒரு போரின் தழும்பு. ஆயினும் கடல்கடந்த மேசைக்கு முழு உருவம் வேண்டும். சிங்கப்பூரில் 1950களில் தோன்றிப் புகழ்பெற்ற மிளகாய் நண்டு முழு நண்டாகவே தட்டில் வருவது. கொடுக்கே அதன் அணி. அந்நகர உணவகங்களில் 'இலங்கை நண்டு' என்பது ஒரு தனி மதிப்புள்ள பெயர். நல்ல நண்டெல்லாம் நாட்டை விட்டுப் போகிறதே என்னும் குறையிலிருந்துதான், 2011ஆம் ஆண்டில் கொழும்புப் பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலைக் கட்டடத்தில், சமையல் வல்லுநர் தர்ஷன் முனிதாசவும் கிரிக்கெற் வீரர்களான மஹேல ஜயவர்தன, குமார் சங்கக்கார ஆகியோரும் சேர்ந்து நண்டுக்கென்றே ஓர் உணவகம் திறந்தனர். ஏற்றுமதித் தரத்து நண்டு உள்ளூர் மேசைக்கும் வந்தது. எனினும் அதுவும் முதற்கூடையின் கதையே. இரண்டாம் கூடைக்கு உணவகமுமில்லை, விளம்பரமுமில்லை.

இரண்டாம் கூடைக்கும் பெயரிட்டு மதிப்பளித்த ஒரு நாடு உண்டு. அது பிரான்சு. மதுவின் பெருமையைக் குடும்பப் பத்திரிகையில் பேச நாம் வரவில்லை. உழவும் வாணிகமும் பற்றிய ஒரு செய்தியாக மட்டும் இதனைக் கொள்க. அந்நாட்டின் போர்டோ மாவட்டத்தில் புகழ்பெற்ற திராட்சைத் தோட்டங்கள் பல உள்ளன. 1855ஆம் ஆண்டில் பாரிசு நகரப் பொருட்காட்சியையொட்டி அவற்றைத் தரவரிசைப்படுத்தினர். முதல் வரிசையில் நின்றவற்றுள் லாத்தூர், மார்கோ, லஃபீத் என்பன அடங்கும். அத்தோட்டங்களின் முதற்பெயர் தாங்கிய மதுவின் விலை சாதாரண மனிதர் கனவிலும் எட்டமுடியாதது.

ஆனால் ஒரு தோட்டத்தில் விளைந்தது முழுவதும் அப்பெயரைப் பெறுவதில்லை. ஒவ்வொரு பாத்தியின் திராட்சைச் சாற்றையும் தனித்தனியே பதப்படுத்தி, தனித்தனியே சுவைத்துப் பார்த்து, மிகச் சிறந்ததை மட்டுமே முதற்பெயரில் சேர்ப்பர். எஞ்சியதைத் தோட்டத்தின் பெயரின்றி வணிகருக்கு மொத்தமாக விற்பது முற்கால வழக்கம். சில தோட்டங்கள் அதற்கும் ஒரு பெயர் சூட்டித் தம் கையாலேயே புட்டியிலடைத்து வெளியிட முன்வந்தன. மார்கோத் தோட்டத்தார் 1908ஆம் ஆண்டு முதல் அதனைப் 'பவியோன் ரூஜ்' என அழைத்தனர். லாத்தூர்த் தோட்டத்தார் 1966ஆம் ஆண்டு விளைச்சலிலிருந்து 'லே ஃபோர் து லாத்தூர்' என்பதனைத் தொடங்கினர். இவற்றையே இரண்டாம் முத்திரை மதுக்கள் என்பர்.

மண் ஒன்று, உழுத கை ஒன்று, பதப்படுத்திய அறை ஒன்று. வேறுபாடு எங்கே? பெரும்பாலும் கொடியின் வயதில். முதிர்ந்த கொடிகளின் கனி முதற்பெயருக்கும், இளங்கொடிகளின் கனி இரண்டாம் பெயருக்கும் செல்வது வழக்கம். முதலாவது பல்லாண்டு காத்திருந்து பக்குவமடையவேண்டும். இரண்டாவது சில ஆண்டுகளிலேயே பதமாகிவிடும். விலையோ முதலாவதன் ஒரு சிறு பகுதி. புகழ்பெற்ற தோட்டத்தாரின் கைத்திறனை அளவான செலவில் அறிய விரும்புவோர் இதனை நாடுகின்றனர். இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. எஞ்சியதற்கு ஒரு கௌரவமான இடம் இருப்பதனாலேயே தோட்டத்தார் முதற்பெயரின் தேர்வில் கண்டிப்பாயிருக்க முடிகின்றது. இரண்டாவதைத் தாங்கும் தோள் இல்லையேல் முதலாவதன் தரமும் தாழும்.

நமது தோணிக்காரரின் நிலையும் இதுவே. முதற்கூடை நிறையும் நாளும் உண்டு, அடியே தெரியும் நாளும் உண்டு. அடுப்பை நாள்தோறும் எரியச்செய்வது இரண்டாம் கூடை. "போர்க்காலத்தில தோணி இறக்கினாலும் பிடிச்சத வெளியில கொண்டுபோக வழியில்ல. அப்பெல்லாம் எல்லாம் இந்தக் கரையிலதான் வித்தம். முதல் கூடை, ரெண்டாம் கூடை எண்டு ஒண்டும் இருக்கல்ல" என்று அவர் சிரித்தார். அச்சிரிப்பில் எத்தனை ஆண்டுத் துன்பம் மறைந்திருந்தது என்பதை யாரறிவார்!

லொறி புறப்பட்டுச் சென்றதும் ஊர்ப்பெண்கள் சிலர் இரண்டாம் கூடையைச் சுற்றி நின்றனர். ஓர் இளம்பெண் பார்வைக்குப் பெரிதாயிருந்த நண்டொன்றை எடுத்துப் பணத்தை நீட்டினாள். தோணிக்காரர் அதனை வாங்கவில்லை.

"அது நீர் நண்டு புள்ள. உள்ளுக்குச் சதையில்ல. புள்ளைகளுக்கு ரசம் வைக்கிறதெண்டா கொண்டு போ, காசு பாதி தா. கறிக்கெண்டா இந்த ஒத்தக் கொடுக்க எடு."

அவள் ஒற்றைக் கொடுக்கை எடுத்துக்கொண்டாள். நீர் நண்டு விலைபோகவில்லை. அதனையும் அதுபோன்ற இன்னும் சிலவற்றையும் அவர் ஒரு சாக்கிலிட்டு, கரையோரத்தில் கம்பு நட்டு வலையால் அடைத்திருந்த ஒரு சிறு அடைப்புக்குள் விட்டார். "ரெண்டு மூணு கிழமை மீன்கழிவு போட்டா நிரம்பிரும். பொறவு அந்தத் தம்பியே வந்து வலப்பக்கத்துக் கூடையில போடுவார்" என்றார். பணம் நீட்டிய கையை மறுத்து உண்மையைச் சொன்ன அம்மனிதரின் மேற்சட்டையில் கிழிசல் இருந்தது. அப்பெண் அறியாமலே கொண்டுபோயிருப்பாள், கேட்பாரும் இலர். இதனை நாம் கண்ணாரக் கண்டோம்.

தரிசனத்துக்குச் செல்லும் நாளாதலால் அன்று நண்பர் வீட்டில் மரக்கறிச் சமையல். ஆகவே கோயிலிலிருந்து திரும்பும் வழியில் ஒற்றைக் கொடுக்கு நண்டுகள் ஆறு வாங்கி, நனைந்த சாக்கில் சுற்றிக் கொணர்ந்தோம். மறுநாட் காலைவரை அவை சாக்கினுள் உயிரோடு சலசலத்துக்கொண்டிருந்தன. நண்பரின் துணைவியார் மிளகும் சீரகமும் வறுத்திடித்து, தேங்காய்ப்பால் விட்டுக் கொதிக்கவைத்து, இறக்கும் தறுவாயில் ஒரு பிடி முருங்கையிலை தூவினார். சிவப்பரிசிச் சோற்றோடு பரிமாறியபோது வீட்டுக் குழந்தைகள், "இதுக்கு ஒரு கை எங்கே?" என்று கேட்டுச் சிரித்தார்களேயன்றி, உண்பதில் குறைவைக்கவில்லை. ஒரு கொடுக்கின் சதை குறைவு என்பது மெய். அதை மறைப்பதிற் பயனில்லை. ஆனால் மற்ற இடத்துச் சதையின் இனிமையில் ஒரு குறையும் கண்டிலோம். தோணிக்காரர் சொன்னதே சரி: வாவி ஒன்றுதான்.

அன்றிரவு திண்ணையிலிருந்து பேசிக்கொண்டிருந்தபோது நண்பர் ஓர் ஐயம் எழுப்பினார். "இரண்டாவது நல்லது என்று எல்லாரும் சொல்லத் தொடங்கினால் அதுவும் விலையேறிவிடுமே?" அதுவும் நடந்ததுதான். லஃபீத் தோட்டத்தின் இரண்டாம் மதுவுக்குக் 'கருவாத்' என்று பெயர். 2010ஆம் ஆண்டையொட்டிச் சீன தேசத்துச் செல்வர்கள் லஃபீத் என்னும் பெயரில் மயங்கி அதனையும் போட்டியிட்டு வாங்கினர். வேறு பல நல்ல தோட்டங்களின் முதல் மதுவைவிட அதன் விலை உயர்ந்தது. அங்கே அவர்கள் வாங்கியது சுவையையன்று, பெயரின் நிழலை. ஆகையால் இரண்டாவதெல்லாம் இலாபம் என்று கண்ணைமூடி எண்ணுவதும் பேதைமையே. அது ஏன் இரண்டாவதாயிற்று என்று கேட்டறிந்து வாங்குவதே அறிவுடைமை.

காரணங்கள் மூன்று வகை என்று எமக்குத் தோன்றுகின்றது. ஒன்று, உருவத்தில் ஒரு தழும்பு. அது சுவையைத் தொடாது. இரண்டு, காலம் போதாமை, இளங்கொடியும் நீர் நண்டும் அத்தகையன, பொறுத்திருந்தால் நிரம்பும். மூன்றாவது, உண்மையாகவே குறைந்த தரம். இம்மூன்றையும் ஒரே கூடையில் போட்டு ஒரே பெயரால் அழைப்பது தராசுக்காரருக்கு எளிது. பிரித்துக் காட்டி, "இது இன்ன காரணத்தால் இரண்டாவது" என்று வாய்திறந்து சொல்வது விற்பவரின் நேர்மை. போர்டோவின் பெருந்தோட்டங்கள் இரண்டாம் முத்திரையைத் துணிந்து ஒட்டியது அந்நேர்மையால். படுவான்கரைத் தோணிக்காரர் முத்திரை எதுவுமின்றி வாய்ச்சொல்லாலேயே அதனைச் செய்தார். இரண்டாம் தரத்தின் கவர்ச்சி அதன் மலிவில் மட்டும் இல்லை; நம்மை ஏமாற்றாமல் அது தன்னைத் தானே அறிவித்துக்கொள்வதிலும் இருக்கின்றது.

ஆசிரியத் தொழிலில் இருபதாண்டுக்கு மேல் கழித்த எமக்கு இந்த எண்ணம் வேறிடத்திலும் சென்று தைத்தது. நாமும் ஆண்டுதோறும் கூடை பிரிப்பவர்களன்றோ? பெருவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்து, "இவன் இரண்டாம் பிரிவு" என்று எழுதிவிடுகின்றோம். வீட்டுத் துயரால் ஒரு தவணை பின்தங்கிய மாணவன் ஒற்றைக் கொடுக்கு நண்டு. ஓராண்டு பிந்தி மலரும் மாணவி நீர் நண்டு. சில கிழமை அடைப்பில் வைத்து ஊட்டத் தெரிந்தவர் கையில் அவள் நிரம்பிவிடுவாள். பிற்காலத்தில் வழியில் கண்டு வணங்கிய சில முகங்களை எண்ணிப் பார்க்கையில், எமது பெருவிரல் எத்தனை முறை தவறியது என்று வெட்கமே வருகின்றது. மாணவர்கள் இதனைப் படிப்பார்களாயின் ஒன்று சொல்வோம்: எந்தக் கூடையில் போடப்பட்டீர்கள் என்பதை விட, ஏன் போடப்பட்டீர்கள் என்று கேளுங்கள். விடை பெரும்பாலும் காலமாகவோ தழும்பாகவோதான் இருக்கும்.

ஊர் திரும்பும் நாளில் நகரச் சந்தையையும் சுற்றிப் பார்த்தோம். அங்கும் இரண்டாம் கூடைகள் பல இருந்தன: ஓடு கீறிய நண்டு, தலை ஒடிந்த இறால், வாய் சிறிது உடைந்த சட்டியில் உறைந்த எருமைத்தயிர். விற்பவர்களில் காரணத்தைச் சொன்னவரும் உண்டு, சொல்லாதவரும் உண்டு. சொன்னவரிடம் பேரம் பேசாமல் வாங்கினோம்.

மட்டக்களப்புக்குச் செல்லும் அன்பர்கள் கோட்டையையும் பாலத்தையும் பாருங்கள், தான்தோன்றீசுவரரை வணங்குங்கள். அதன்பின் ஒரு விடியற்காலையில் வாவிக்கரைத் துறையொன்றில் சிறிது நேரம் நில்லுங்கள். லொறி போனபிறகு எஞ்சியிருக்கும் கூடையருகே சென்று, காரணத்தைக் கேட்டு, உரிய விலை கொடுத்து வாங்குங்கள். மீனின் பாட்டை நாமும் இன்னும் கேட்கவில்லை. அடுத்த நிலாக்காலத்துக்கு வருமாறு நண்பர் அழைத்திருக்கின்றார். அதற்குள் அந்த அடைப்பிலிருந்த நண்டுகள் நிரம்பி, வலப்பக்கத்துக் கூடையேறிக் கடல்கடந்து சென்றிருக்கும்.